இந்தக் கதையில் முடி முளைக்காது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் வந்து என் மேல் பாயாதீர்கள்: இந்தக் கதையில் யாருக்கும் முடி முளைக்காது. முளைக்கும் என்ற நினைப்பில் படிக்க உட்கார்ந்தவர்கள் இந்த வரியோடு எழுந்து போகலாம். எனக்கு வருத்தம் கிடையாது. கொஞ்சம் உண்டு. பரவாயில்லை, போங்கள்.

மிச்சம் இருப்பவர்களுக்கு, இது எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்று சொல்கிறேன். எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளக் கூடத்தில் அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமை விற்பனை நடக்கும். வீட்டில் செய்ததை யார் வேண்டுமானாலும் மேசை போட்டு விற்கலாம். மெழுகுவத்தி, துணிப்பை, சோப்பு, பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீடுகளின் சின்ன சைக்கிள். போன தடவை நான் சோப்பு வாங்கப் போனேன். கதையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன், சோப்பை மறந்துவிட்டேன்.

கூடத்தின் கோடியில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு மேசை, மேசையின் மேல் சின்ன கேஸ் அடுப்பு, அடுப்பில் இரும்புக் கடாய். கடாயில் எண்ணெய் சடசடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் 'மூலிகைக் கூந்தல் தைலம்' பாட்டில்கள், பாதிக்கு மேல் லேபிள் உரிந்து கிடந்தது. கூடவே இடுப்புவரை கூந்தல் தொங்கும் ஒரு பெண்பிள்ளை. ஆனால் கரண்டியைப் பிடித்திருந்தவள் தலையில் ஒரு முடி கிடையாது. புருவமும் கிடையாது. துணியோ தொப்பியோ எதுவும் இல்லாமல், விளக்கு வெளிச்சம் உச்சந்தலையில் பளபளக்க, தன் பாட்டுக்குக் கிளறிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மூன்றாம் மாடி வீட்டம்மா ஒரு பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். தூக்கியவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார்:

"ஏம்மா, உன் தலையிலயே ஒண்ணையும் காணோம். இது எங்க தலையில என்னத்தை வளர்க்கப் போகுது?"

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் தலையை நிமிர்த்தினாள். என்னவோ சொன்னாள். உதடு அசைந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் வாசல் பக்கம் நின்றேன், நடுவில் அந்த எண்ணெய் சத்தம், ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. மாடி வீட்டம்மாவின் முகம் மட்டும் சட்டென்று விழுந்துபோயிற்று. அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. பேச வெளியே வந்துவிட்டேன்.

என்னிடம் இருப்பது அவ்வளவுதான். ஒரு கேள்வி, ஒரு விழுந்த முகம், நடுவில் எனக்குக் கேட்காமல் போன ஒரு பதில். அந்தப் பதிலைக் கண்டுபிடிக்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

தொடக்கம்:

'அவளுக்கு இடுப்பைத் தாண்டும் கூந்தல். அவள் தெருவில் இறங்கி நடந்தால்…'

(விட்டுவிட்டேன். கண்ணால் பார்த்ததற்குப் பிறகும் என் கை தானாக இதைத்தான் எழுதியது. கூந்தல் தைலம் என்றதும் கைக்குக் கூந்தல்தான் வருகிறது. கையை நாலு போடு போட வேண்டும்.)

இன்னொரு தொடக்கம்:

'ஒரு காலத்தில் அவளுக்கும் நீளமான கூந்தல் இருந்தது. பாவம், விதி…'

(இதையும் விட்டேன். 'பாவம்' என்று எழுதியபோதே எனக்கு என் மேல் எரிச்சல் வந்துவிட்டது. அவள் நின்ற நிற்பை நான் பார்த்தேன். பாவம் என்று அவளை யாராவது சொன்னால் கரண்டியால் சாத்துவாள்.)

மறுபடியும்:

'எண்ணெய்க்காரி கறிவேப்பிலையைத் துணியில் உலர்த்திக்கொண்டிருந்தாள்.'

இது நிற்கிறது. வாருங்கள், உள்ளே போகலாம். (உள்ளே என்றால் அவள் வீட்டுக்குள். நான் அங்கே போனதே இல்லை. கூடத்தில் பார்த்ததைத் தவிர மற்றதெல்லாம் நானே கண், காது, மூக்கு வைத்தது. இப்போதே சொல்லிவிட்டேன்.)

3

எண்ணெய்க்காரி கறிவேப்பிலையைத் துணியில் உலர்த்திக்கொண்டிருந்தாள். வெயிலில் இல்லை, நிழலில். கழுவிய இலையில் ஈரம் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. செம்பருத்திப் பூ, கரிசலாங்கண்ணி, மருதாணி எல்லாம் தனித்தனியாகப் பரப்பி, அவ்வப்போது புறங்கையால் தொட்டுப் பார்ப்பாள். உள்ளங்கையை நம்பமாட்டாள், அதில் வியர்வை இருக்கும் என்பாள்.

வாரநாட்களில் அவள் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவள். அங்கே ஒரு நூல் பிசகினால் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி. அந்தக் கறார் சமையலறைக்கும் வந்துவிட்டது. இருப்பது அண்ணன் வீட்டில். அண்ணன் இந்தக் கதையில் சாப்பிட வருவார், சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார், அவரை நாம் தேட வேண்டியதில்லை. அண்ணி உண்டு. அண்ணியின் மகள் உண்டு. மகளுக்கு வீட்டில் வாலு என்று பெயர், அவள் வாய் அப்படி.

சில வருடங்களுக்கு முன்னால் எண்ணெய்க்காரியின் முடி கொட்ட ஆரம்பித்தது. முதலில் காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு வட்டம். பிறகு இன்னொரு வட்டம். பிறகு வட்டங்கள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டன. "உங்க உடம்பே உங்க முடியை எதிரின்னு நினைச்சுக்குது. திரும்ப வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். களிம்பு, ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. அப்புறம் பார்த்தவர்கள் எல்லோரும் டாக்டர் ஆனார்கள். வெந்தயம் போடு, நெல்லிக்காய் போடு, வெட்டிவேர் போடு என்றார்கள். அவளும் சொன்னதையெல்லாம் போட்டுக் காய்ச்சினாள், தேய்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

முடி வரவில்லையே தவிர, அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பச்சை வாசனை மெல்ல மெல்லச் சுட்ட வாசனையாக மாறும் நேரம் பிடித்தது. ஆறின எண்ணெயை வெறுந்தலையில் தேய்த்தால் கண்வரைக்கும் இறங்கும் குளிர்ச்சி பிடித்தது. பக்கத்து வீட்டுக்காரி கொஞ்சம் வாங்கிப்போய்த் தேய்த்துவிட்டு, "அசந்து தூங்கிட்டேன்டி" என்றாள். அப்படியே பாட்டில் பாட்டிலாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். முடி வளரும் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. வளருமா என்று கேட்டால், "என் தலையைப் பாத்துட்டா கேக்கறீங்க?" என்று சிரிப்பாள்.

லேபிள் அண்ணியின் யோசனை.

"இங்க பாரு, எப்படி இருக்கு?" என்று அண்ணி ஒரு கத்தை லேபிளை மேசையில் போட்டாள். படத்தில் வாலு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள், கூந்தல் அருவியாக இறங்குகிறது. அதற்குக் கீழே 'அடர்ந்த, கருகருவென்ற கூந்தலுக்கு' என்று போட்டிருந்தது.

"அண்ணி, இவ இந்த எண்ணெயைத் தொட்டதே இல்லையே."

"ஐயே, தலகாணியெல்லாம் நாறும்" என்றாள் வாலு, உள்ளே இருந்து.

"தொட்டான்னு பாட்டில்ல எழுதியிருக்கா?" என்றாள் அண்ணி.

"முடி வளரும்னு எழுதியிருக்கீங்களே."

"வளரும்னு எங்க எழுதியிருக்கு? அடர்ந்த கூந்தலுக்குன்னுதான் இருக்கு. ஏற்கெனவே அடர்ந்த கூந்தல் இருக்கறவங்க வாங்கிக்கட்டும், நானா வேணாங்கறேன்?"

(இந்த அண்ணியை எனக்குப் பிடித்துவிட்டது. வில்லி ஆக்கலாம் என்றுதான் கூட்டி வந்தேன். வாயைத் திறந்ததுமே கைநழுவிப் போய்விட்டாள்.)

"ஞாயித்துக்கிழமை வாலு கீழ நிக்கட்டும்" என்றாள் அண்ணி. குரல் இறங்கியிருந்தது. "நீ மேலயே இருந்து காச்சு. தப்பா எடுத்துக்காத. உன்னைப் பாத்தா வாங்க வந்தவங்ககூட…"

"என்னைப் பாத்தா?"

"விடேன்."

எண்ணெய்க்காரி லேபிள் கத்தையைத் தள்ளிவைத்தாள். அண்ணி கெட்டவளாக இருந்திருந்தால் நறுக்கென்று நாலு கேட்டுவிட்டுப் போயிருப்பாள். முடி கொத்துக்கொத்தாகக் கொட்டிய நாட்களில், எண்ணெய்க்காரி எழுந்திருப்பதற்கு முன்னாலேயே குளியலறையைப் பெருக்கி, அவள் கண்ணில் ஓர் இழைகூடப் படாமல் வைத்தவள் இந்த அண்ணிதான். அதைப் பற்றி இருவரும் ஒரு நாளும் பேசியதில்லை. அன்றைக்கு முடியை ஒளித்து வைத்த அதே கைதான் இன்றைக்கு அவளையும் ஒளித்து வைக்கப் பார்க்கிறது. அன்பாகத்தான் செய்கிறது. அதனால்தான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேசைக்குப் பின்னால் யார் நிற்பது? இந்தக் கதையில் பந்தயம் இது ஒன்றுதான். வேறெதையும் தேடிக் கஷ்டப்படாதீர்கள்.

4

[அடிக்குறிப்பாக வர வேண்டியது. அடியில் போட்டால் நீங்கள் படிக்கமாட்டீர்கள், அதனால் இங்கே.]

எண்ணெய் காய்ச்சத் தெரியாமல் எண்ணெய்க் கதை எழுதக் கூடாது என்று எனக்கு ரோஷம் வந்தது. கடைக்குப் போய் எல்லாம் வாங்கிவந்து அடுப்பைப் பற்றவைத்தேன். இலையைப் போட்டதும் எண்ணெய் நுரைத்துக்கொண்டு பொங்கி, ஒரே சடசடப்பு. இலையில் இருக்கும் ஈரம் போகிற சத்தம் அது. ஈரம் போகப் போகச் சத்தம் அடங்கும், நுரையும் அடங்கும். அப்போது அடியில் கிடக்கிற சக்கையை எடுத்து விரலில் நசுக்கிப் பார்க்க வேண்டும். பிசுபிசுவென்று உருண்டால் மெழுகுப் பதம், இன்னும் காய வேண்டும். நறநறவென்று உதிர்ந்தால் மணல் பதம், உடனே இறக்கிவிட வேண்டும். விட்டால் கருகிப்போகும். இதெல்லாம் நான் சரியாகவே செய்தேன்.

செய்துவிட்டு, தூசி விழுமே என்று சூடாக இருந்த கடாயைத் தட்டால் மூடினேன். அதுதான் தப்பு. சூட்டில் ஆவி எழுந்து, தட்டில் முட்டி, தண்ணீராகித் திரும்ப எண்ணெயிலேயே சொட்டியிருக்கிறது. துணியால்தான் மூட வேண்டுமாம். கொஞ்ச நாளில் என் எண்ணெயிலிருந்து சிக்கு வாடை வந்தது. அப்படியே சாக்கடையில் கொட்டினேன்.

ஆனால் கதை எழுதுகிறவளுக்கு எதுவும் வீண் போகாது. விற்பனைக் கூடத்துக்கு ஏன் ஒருத்தி அடுப்பைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். இப்போது காரணம் கிடைத்துவிட்டது. என் தப்பை எடுத்து அண்ணி தலையில் கட்டிவிட்டேன்.

5

இந்த இடத்தில் பத்திரிகை ஆசிரியர் மறுபடியும் கூப்பிட்டார். (அன்றைக்குக் கூடத்தில் போன் போட்டதும் இவர்தான். 'நம்பிக்கைச் சிறப்பிதழ்' கொண்டுவருகிறார்.) எழுதியவரைக்கும் படித்துக் காட்டினேன்.

"அருமை. முடிவுல கண்ணாடி முன்னாடி நிக்கறாங்க, உச்சந்தலையில சின்னதா ஒரு முளை. அப்படித்தானே?"

"முளை கிடையாது சார்."

"பூராவும் வேணாம். ஒரே ஒரு முடி. பூனைமுடி மாதிரி."

"சார், முதல் வரியே முளைக்காதுன்னுதான் இருக்கு."

"அதனாலதான் சொல்றேன். முளைக்காதுன்னுட்டு முளைச்சா வாசகர் அழுதுடுவார். ஒரே ஒரு முடியில உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

என்ன குறைந்து போகும் என்று நானும் உட்கார்ந்து யோசித்தேன். அந்த ஒரு முடியை வைத்துவிட்டால், இவ்வளவு நேரம் அவள் வெறுந்தலையோடு நிமிர்ந்து நின்றதெல்லாம் முடி வரும்வரைக்கும் காத்திருந்தது என்று ஆகிவிடும். முடி வந்தால்தான் ஜெயித்தாள், வராவிட்டால் பாவம். அண்ணியின் லேபிளும் அதைத்தான் சொல்கிறது, டிசைன் மட்டும் வேறு.

"மாட்டேன் சார்" என்றேன்.

"பிடிவாதம் பிடிக்கறீங்க."

"ஆமா சார்."

போனை வைத்துவிட்டார். இந்தக் கதை வேறெங்காவது உங்கள் கையில் கிடைத்திருந்தால், காரணம் அதுதான்.

6

ஞாயிறு காலை. முந்தின நாள் சாயங்காலம் காய்ச்சி இறக்கிவைத்த கடாயின் மேல் தட்டு உட்கார்ந்திருந்தது. எண்ணெய்க்காரி அதைத் தூக்கினாள். தட்டின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சொட்டு எண்ணெயில் விழுந்தது.

"யாரு மூடினது?"

"நான்தான். ஈ விழுந்துடுமேன்னு" என்றாள் அண்ணி, பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே.

எண்ணெய்க்காரி பஞ்சைத் திரியாகத் திரித்து எண்ணெயில் நனைத்துக் கொளுத்தினாள். ஈரம் இல்லாத எண்ணெய் என்றால் திரி சத்தமில்லாமல் எரியும். இது படபடவென்று வெடித்தது.

"திரும்பக் காச்சணும் அண்ணி."

"ஐயோ, மணி என்ன ஆச்சு பாரு! ரெண்டு சொட்டுத் தண்ணிக்கா இந்தப் பாடு? இன்னிக்கு வாங்கறவங்களுக்கு இன்னிக்கேவா கெட்டுப்போகப் போகுது?"

"கொஞ்ச நாள்ல நாறும். அப்ப என்னைத்தான் திட்டுவாங்க."

"உன்னை யாருக்குத் தெரியும்? பாட்டில்ல இருக்கறது வாலு!"

சொன்ன வேகத்தில் அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது. சமையலறையில் திரி மட்டும் இன்னும் படபடத்துக்கொண்டிருந்தது. எண்ணெய்க்காரி அதை ஊதி அணைத்தாள்.

"அதான் அண்ணி" என்றாள். "தெரியட்டும்."

(இந்த இடத்தில் அவளை ஒரு முழுப் பக்கம் பேசவைத்திருந்தேன். பெண், அழகு, சமூகம் என்று வெளுத்து வாங்கினாள். திரும்பப் படித்தால் பேசுவது அவள் இல்லை, நான். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். 'தெரியட்டும்' மட்டும் அவளுடையது.)

அதற்குள் வாலு மூச்சு வாங்க மேலே ஓடிவந்தாள். போன மாதத்து பாட்டில்களை வைத்துக்கொண்டு கீழே தனியாக நின்றவள் அவள்.

"அம்மா, என்னால முடியாது. ஒரு ஆன்ட்டி என் முடியைத் தொட்டுப் பாத்து, நீ எவ்வளவு நாளா இந்த எண்ணெய் போடறேன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"நான் போடமாட்டேன், நாறும்னேன்."

அண்ணி தலையில் கைவைத்துக்கொண்டாள். எண்ணெய்க்காரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் குடும்பத்தில் இன்னொரு வாயும் பொய் சொல்லத் தெரியாமல் பிறந்திருக்கிறது.

"நீ அடுப்பைத் தூக்குடி" என்றாள். "கடாயை நான் தூக்கறேன். காச்சறவளே கீழ நிக்கட்டும். அங்கயே காச்சிக்கலாம்."

"ஏய், தலைக்குத் துணியாவது கட்டிக்கிட்டுப் போ!"

"அடுப்புப் பக்கத்துல துணி எதுக்கு அண்ணி? பத்திக்கப் போகுது."

அது சாக்குதான். அண்ணிக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வெளியே போகும்போதெல்லாம் கட்டிக்கொள்ளும் நீலத் துணி கதவுக்குப் பின்னால் கொக்கியில் தொங்கியது. அவள் அதைத் தாண்டிப் போனாள். படியில் இறங்கும்போது கடாயில் எண்ணெய் தளும்பியது. அதைச் சிந்தாமல் கொண்டுபோவதிலேயே அவள் கவனம் இருந்தது.

கூடத்தில் இறங்கியதும் பேச்சுச் சத்தம் வேண்டுமென்றே கூடியது. எல்லோர் கண்ணும் அவள் உச்சந்தலையில் இருந்தது. அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். எண்ணெய் சூடேறும்வரை சும்மா நிற்கப் பிடிக்காமல், ஒரு பாட்டிலை எடுத்து நகத்தால் லேபிளைச் சுரண்ட ஆரம்பித்தாள். வாலு தன் முதுகு உரிந்து வருவதைப் பார்த்துவிட்டு, "நல்லா வரல, கொடுங்க அத்தை" என்று அடுத்த பாட்டிலைத் தானே எடுத்துக்கொண்டாள். கடாயில் சடசடப்பு கிளம்பியது.

நான் வாசலில் வந்து நின்றது இப்போதுதான். மாடி வீட்டம்மா கேட்டது, கூட்டம் சிரித்தது, எல்லாம் உங்களுக்குத் தெரியும். அவள் தலையை நிமிர்த்தினாள். உதடு அசைந்தது.

7

இனி அந்தப் பதில்.

ஒன்று:

'தலைக்கு வெளியே வளர்வது பெரிதில்லை அம்மா, தலைக்கு உள்ளே…'

(சீ. நாட்காட்டியில் போடலாம்.)

அடுத்தது:

"எனக்கு வந்த நோய் இன்னொருத்தருக்கு வரக் கூடாதுன்னுதான்மா…"

(கண் கலங்கச் சொல்கிறாள், கூட்டமும் கண் கலங்குகிறது, பாட்டில் எல்லாம் விற்றுப்போகிறது. எழுதி முடித்ததும் எண்ணெய்க்காரி என் தோளுக்குப் பின்னால் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. "நான் பிச்சையா எடுக்கறேன்?" என்றாள். அடித்துவிட்டேன்.)

மூன்றாவதை எழுதிவிட்டு நானே எழுந்து நின்று என் தோளில் தட்டிக்கொண்டேன்:

"நான் கண்ணாடிக் கடையில வேலை பாக்கறேன்மா. என் கண்ணு நல்லாத்தான் தெரியும். அதுக்காக நான் தேய்க்கற கண்ணாடியெல்லாம் பொய்யா?"

எப்படி? வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. முகம் விழுந்ததற்கும் சரியாகப் பொருந்துகிறது. இதோடு முடித்துவிடலாம் என்று பேனாவை மூடிவிட்டேன்.

ஆனால் எங்கேயோ உறுத்தியது. நான் எண்ணெய் காய்ச்சிப் பார்த்தவள் இல்லையா? பதம் நெருங்குகிற நேரத்தில் கண்ணை எடுக்கவே முடியாது. மெழுகுக்கும் மணலுக்கும் நடுவில் நிற்கும்போது ஒருத்தி நிமிர்ந்து நின்று, இவ்வளவு அழகாக வாக்கியம் கட்டிப் பேசுவாளா?

8

வெட்கத்தை விட்டுவிட்டு, எண்ணெய்க்காரி வீட்டுக்குச் சொல்லியனுப்பி ஒரு பாட்டில் எண்ணெய் கேட்டேன். கொண்டுவந்தது அந்தக் கூந்தல்காரப் பெண்பிள்ளை. (அவளை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுகிறார்களா என்று தெரியாது. ஆனால் பேச ஆரம்பித்ததும் நான் வைத்த பெயர் பொருத்தம் என்று தெரிந்துவிட்டது.) பாட்டிலில் லேபிள் இல்லை. நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டேன்.

"அன்னிக்கு மாடி வீட்டம்மா கேட்டாங்களே, உங்க அத்தை என்ன பதில் சொன்னாங்க?"

"அத்தையா? அத்தை ஒண்ணும் சொல்லலையே ஆன்ட்டி."

"உதடு அசைஞ்சதே, நான் பாத்தேன்!"

"அதுவா? என்னைப் பாத்து, 'தீயைக் குறைடி, கருகப் போகுது'ன்னாங்க."

கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தேன்.

"அப்போ அந்தம்மா முகம் ஏன் அப்படி விழுந்துது?"

"அவங்க அவ்வளவு பெரிசா கேட்டாங்க, அத்தை அதைக் காதுலயே வாங்கிக்கல. பின்ன விழாதா?"

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. எத்தனை காகிதத்தைக் கசக்கிப் போட்டிருக்கிறேன்! பிறகு சிரிக்க ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை. அந்தப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லியாக வேண்டும் என்று எண்ணெய்க்காரியைக் கட்டிப்போட்டவர் யார்? மாடி வீட்டம்மா கேள்வியோடு விட்டுவிட்டார். பதில் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது நான் மட்டும்தான்.

"அப்புறம் என்ன ஆச்சு?"

"நான் தீயைக் குறைச்சேன். அத்தை சக்கையை எடுத்து நசுக்கிப் பாத்துட்டு, 'இறக்கணும், துணி, துணி'ன்னு கத்தினாங்க. கடாயைப் பிடிக்கற துணியை எடுத்துட்டு வர மறந்துட்டோம். அப்பன்னு பாத்து எங்கம்மா படியில ஓடி வர்றாங்க, கையில அத்தையோட நீலத் துணி. தலையில கட்டிவிடத்தான் கொண்டுவந்தாங்க."

(அத்தை, அண்ணி என்றதெல்லாம் என் ஊகம், சரியாக விழுந்தது; நீலத் துணியை மட்டும் இவள் சொன்ன பிறகுதான் முன்னால் போய்க் கொக்கியில் மாட்டிவிட்டு வந்தேன்.)

"கட்டிவிட்டாங்களா?"

"எங்க கட்டறது? கருகிடுமே! அந்தத் துணியில ஒரு முனையை அம்மா பிடிச்சாங்க, இன்னொரு முனையை அத்தை பிடிச்சாங்க, கடாயை ரெண்டு காதுலயும் தூக்கி இறக்கிட்டாங்க. துணி பூரா எண்ணெய். இனிமே தலைக்குக் கட்ட முடியாது, கரித்துணிதான்."

"அம்மா ஏதாவது சொன்னாங்களா?"

"'நல்ல துணி போச்சு'ன்னாங்க." கொஞ்சம் யோசித்தாள். "அப்புறம் அங்கயே நின்னுட்டாங்க. மேல போகல."

மாடி வீட்டம்மா எதுவும் வாங்காமல் போய்விட்டாராம். திரும்பி வரவில்லை. அவரை வரவழைத்து, மனம் மாறவைத்து, பாட்டில் வாங்கவைக்க எனக்கு நாலு வரி போதும். எழுதமாட்டேன். போனவர் போகட்டும்.

தட்டால் மூடாமல் எண்ணெயை ஆறவிட்டு, எண்ணெய்க்காரி ஒரு திரியை நனைத்துக் கொளுத்தியிருக்கிறாள். சத்தமே இல்லாமல் எரிந்திருக்கிறது. கைபொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் ஒரு கை எண்ணெயை அள்ளி, அத்தனை பேருக்கும் நடுவில், தன் தலையில் வைத்து உச்சியிலிருந்து கழுத்துவரை பரபரவென்று தேய்த்துக்கொண்டிருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு, யாரும் இல்லாத வீட்டில் தேய்த்துக்கொள்கிற மாதிரி. அண்ணி எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துவந்து மேசைக்கு முன்னால் போட்டிருக்கிறாள்.

"வேணுங்கறவங்க உக்காருங்க. தேச்சுவிடுவா" என்றாளாம் அண்ணி, தலையை நிமிர்த்திக்கொண்டு.

"யாரு உக்காந்தாங்க?" என்று நான் கேட்க வாயெடுத்தேன். அந்தப் பெண் சொல்லவும் வாயெடுத்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். அது தெரிந்துவிட்டால் இந்த ஆசிரியருக்கு ஒரு முடிவு, அந்த ஆசிரியருக்கு ஒரு முடிவு என்று திரும்பவும் நான் கையை வைப்பேன்.

அதனால் நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. எண்ணெய்க்காரி மேசைக்குப் பின்னால் நிற்கிறாள், தலை பளபளக்கிறது, உள்ளங்கையில் எண்ணெய் இருக்கிறது. பக்கத்தில் அண்ணி. உட்கார்ந்து தலையைக் குனிவதோ, நின்ற இடத்திலிருந்து கேள்வி கேட்பதோ உங்கள் இஷ்டம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். எண்ணெய் அடங்கிவிட்டது. இப்போது நீங்கள் கேட்பது அவளுக்கு நன்றாகவே கேட்கும்.